மூட்டைக்கும் ரசீது உண்டு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புகைவண்டியில் ஒரு மூட்டையை ஏற்றினாலும் அனுப்புவோர் இன்னார், பெறுவோர் இன்னார் என்று எழுதி ரசீது தருகிறோம். மக்களைக் கூட்டங்கூட்டமாக நாடு மாற்றியபோது அந்த மரியாதைகூடக் காட்டப்படவில்லை. அதனை அயல்நாட்டு ஏடுகள் எவ்வாறு கண்டன என்பதை இன்று சிந்திப்போம்.

கிரேக்க–துருக்கிப் போர் ஓய்ந்த 1922 அக்டோபரில், கிழக்குத் திரேஸை விட்டு மழையில் நனைந்து சென்ற கிரேக்கரின் வண்டி வரிசையைக் கண்டு, 'டொராண்டோ டெய்லி ஸ்டார்' இதழுக்கு உருக்கமாக எழுதினார் ஹெமிங்வே. 1923 ஜனவரி 30-இல் லோசான் நகரில் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முன்னரே ஓடிவந்தோரையும் சேர்த்து ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவரும் சுமார் 4 லட்சம் முஸ்லிம்களும் இடம் மாறினர். மதம் ஒன்றே அளவுகோல். துருக்கி மொழி பேசிய கிறிஸ்தவர் கிரேக்கத்திற்கும், கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் போயினர். தாய்மொழியை எவரும் வினவவில்லை! ஆயினும் 1944 டிசம்பரில் சர்ச்சில் இதனை வெற்றி பெற்ற ஏற்பாடாகவே பாராளுமன்றத்தில் எடுத்துக்காட்டினார்.

1947-இல் நம் நாடு பிளவுண்டது. ராட்கிளிஃப் சில வாரங்களில் வரைந்த கோடு ஆகஸ்ட் 17-இல் வெளியாயிற்று. பஞ்சாபில் வழிநடந்த மக்கள் வெள்ளத்தை 'லைஃப்' இதழுக்காகப் படம் எடுத்தார் மார்கரெட் பர்க்-ஒயிட். அப்படங்களால் உலகம் நம் துயரை அறிந்தது; அதற்கு நாம் நன்றி பாராட்ட வேண்டும். ஆனால் ஏடுகள் கண்டது பெரும்பாலும் வழியைத்தான். போய்ச் சேர்ந்தபின் நேர்ந்த வாழ்வை அன்று.

அவ்வாழ்வைக் காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் புனேக்கு அருகே பிம்ப்ரியில் சிந்தி அகதிகளுக்கு முகாம் அமைந்தது. வெறுங்கையுடன் வந்தோர் உழைத்து உயர்ந்தனர். ஆயினும் சிந்து நிலம் முழுவதும் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சிந்தி மொழி இடம்பெற்றது 1967-இல்தான்.

நாமும் ஊரை விட்டு வந்தவர்களே. ஆனால் பிழைப்பு நாடி, நாமே விரும்பி வந்தோம். விடுமுறை கிடைத்தால் சீட்டு வாங்கி ஊர் திரும்புகிறோம். அவர்களுக்கு அச்சீட்டை விற்கும் நிலையம் இல்லை.

ஆதலின், மக்கள் பரிமாற்றம் என்று ஏடுகளில் படிக்கும்போது, போனவரை யாரேனும் கேட்டார்களா என்று வினவுவோம். பிம்ப்ரியின் முதியோரிடம் அவர்தம் ஊர்ப்பெயரைக் கேட்போம். அதுவே நாம் அவர்களுக்குத் தரக்கூடிய ரசீது.