"முடியாது" என்று சொல்ல ஒரு விமானி வேண்டும்

(தலைப்பு: ஒப்பந்த வேலை சுதந்திரமா? சுமையா? – 'சுமையே' என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்து, ஆகஸ்டு பதினைந்து மாதிரியே 'சுதந்திரம், சுதந்திரம்' என்று முழங்கிக்கொண்டிருக்கிற அருமை நண்பர்களே!  

எனக்கு முன்னாலே பேசிய நண்பர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "விமானம் ஓட்டுறவரைப் பாருங்க. அவரும் ஒப்பந்தத்திலேதான் இருக்கார், லட்சக்கணக்கிலே வாங்குறார். அவருக்கென்ன சுமை?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. சரி ஐயா, நான் அந்த விமானியையே எடுத்துக்கொள்கிறேன். தொப்பி போட்டவருக்கே இந்தக் கதின்னா, துண்டு போட்டவர் கதி என்னன்னு நடுவர் தீர்மானிக்கட்டும்!

புறநானூற்றிலே 27ஆம் பாட்டு. சோழன் நலங்கிள்ளிக்கு உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சொல்கிறார்: புலவர் பாடும் புகழ் உடையவர்கள், ஓட்டுகிறவன் இல்லாமலே போகிற வானவூர்தியிலே போவார்களாம். எங்கே? மேலோகத்துக்கு! (சிரிப்பு) நாம போக வேண்டியது மதுரைக்கும் மும்பைக்கும். திரும்பி வேற வரணுமில்லே? அதனாலே நமக்கு ஓட்டுகிறவர் வேணும். அதுவும் தூங்கி எழுந்து வந்தவர் வேணும்.

இந்த ஒப்பந்தம் எப்படி நடக்குதுன்னு ஐரோப்பாவிலே பாருங்கள். விமானி விமானக் கம்பெனிக்கு ஊழியர் இல்லை. நடுவிலே ஓர் ஏஜென்சி. சில இடங்களில் விமானி தன் பேரிலேயே ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பிக்கணும். அதாவது அவரே முதலாளி, அவரே தொழிலாளி! சம்பளம் பறக்கிற மணிக்கு மட்டும். விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து, போய் நிற்கிற வரைக்கும்தான் கணக்கு. பனிமூட்டத்திலே மூணு மணி நேரம் காத்திருந்தால்? அது அவர் பாடு. காய்ச்சல் வந்தால்? வருமானம் இல்லை. பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் பல்கலைக்கழகத்தார் 2015இல் 6,000க்கும் மேற்பட்ட விமானிகளைக் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆறு பேரில் ஒருவருக்கு மேல், கம்பெனியின் நேரடி ஊழியராக இல்லை. ஏஜென்சி மூலமாகவோ, சுயதொழில் என்ற பெயரிலோ, பறந்தால்தான் காசு என்ற ஏற்பாட்டிலோ இருந்தார்கள்.

"அதனாலே நமக்கென்ன?" என்று எதிரணி கேட்கும். நமக்குத்தான் ஐயா எல்லாம்!

2009 பிப்ரவரி 12. அமெரிக்காவிலே நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்கு ஒரு விமானம். டிக்கெட்டிலே இருந்தது கான்டினென்டல் என்ற பெரிய கம்பெனியின் பெயர். ஓட்டியதோ, அதற்காக ஒப்பந்தம் எடுத்த கோல்கன் என்ற சின்னக் கம்பெனி. துணை விமானி ஓர் இளம்பெண். ஆண்டுச் சம்பளம் 25,000 டாலர்கூட இல்லை. நாட்டின் மறுகோடியான சியாட்டிலில் இருந்து இராத்திரி முழுக்கப் பயணம் செய்து வேலைக்கு வந்திருக்கிறார். ஜலதோஷம் வேறு. விமானி அறையிலே பதிவான பேச்சிலே அவர் சொல்கிறார்: வீட்டிலேயே இப்படி இருந்திருந்தால் கிளம்பியே இருக்க மாட்டேன், இங்கே வந்தபிறகு உடம்பு சரியில்லை என்று சொன்னால் ஓட்டலுக்கு நான்தான் காசு கொடுக்கணும் என்று. அன்றிரவு விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்திலே 49 பேர், வீட்டிலே ஒருவர், ஆக 50 உயிர்.

உள்ளதைச் சொல்கிறேன். கேப்டன் விமானத்தைத் தவறாகக் கையாண்டதுதான் காரணம் என்று விசாரணையில் எழுதினார்கள். இருவருமே களைப்பாக இருந்திருக்கக்கூடும் என்றும் அதே அறிக்கையிலே எழுதினார்கள். ஓர் ஓட்டல் அறை வாடகையை எண்ணிப் பார்த்து ஒருவர் விமானம் ஏற வேண்டியிருந்ததே, அதற்குப் பேர் சுதந்திரமா? (கைதட்டல்)

நம்ம ஊருக்கு வருவோம். 2020 ஏப்ரல், கொரோனா காலம். அப்போது அரசு நிறுவனமாக இருந்த ஏர் இந்தியா, ஓய்வுபெற்றபின் ஒப்பந்தத்தில் எடுத்திருந்த ஏறத்தாழ 200 விமானிகளின் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. கஷ்டம் எல்லோருக்கும் வந்ததுதான். ஆனால் கப்பல் ஆடும்போது முதலில் கடலிலே இறக்கப்படுகிறவர் யார்? ஒப்பந்தக்காரர்தானே!

"சட்டம் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த விதி, வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கியது. நடைமுறைக்கு வர 2025 ஆயிற்று. அந்த டிசம்பரில் இண்டிகோ, புதிய விதிக்குத் தகுந்தபடி ஆள் ஏற்பாடு போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. விமானியின் தூக்கத்தைச் செலவுக் கணக்கிலே எழுதினால் இதுதான் நடக்கும்.

இன்னொன்று. சட்டம் மணியை அளக்கும், அசதியை அளக்க முடியுமா? கண் எரியுது, தலை சுத்துதுங்கிறது அந்த மனுஷனுக்குத்தான் தெரியும். "இன்று என்னால் முடியாது" என்று அவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. நிரந்தர வேலைக்காரர் அதைச் சொன்னால் அது விடுப்பு. ஒப்பந்தக்காரர் சொன்னால், இன்றைக்குக் கூலி போச்சு. அடுத்த ஒப்பந்தம் வருமோ வராதோ! பயிற்சிக்காக லட்சக்கணக்கிலே வாங்கிய கடன் கழுத்திலே இருக்க, எப்படி ஐயா சொல்லுவார்?

நடுவர் அவர்களே, எதிரணி சொல்கிற சுதந்திரம் எது? பிடித்தால் வரலாம், பிடிக்காவிட்டால் போகலாம். அது முதலாளிக்கும் உண்டு. உடம்புக்கு முடியாதபோது 'முடியாது' என்று சொல்லி, மறுநாளும் வேலையிலே இருப்பதுதான் தொழிலாளியின் சுதந்திரம். அந்த ஒரு சொல்லிலே பின்னால் உட்கார்ந்திருக்கிற நூற்றுக்கணக்கான உயிர்கள் அடங்கியிருக்கின்றன. அந்தச் சொல்லைப் பிடுங்கிக்கொள்கிற ஒப்பந்தம், ஓட்டுகிறவருக்கும் சுமையே, ஏறுகிறவருக்கும் சுமையே என்று நல்ல தீர்ப்பை வழங்க வேண்டுகிறேன்.