தோலுக்குக் கீழே நடக்கும் வேலை



காயம் ஆறுவதைப் பற்றி யாழ்ப்பாணத்தில் தமிழில் பேசுவது புதிய முயற்சியல்ல. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவருடைய மாணவர்களும் தந்த நூல்களில் ஒன்று 'இரண வைத்தியம்'. அது வெளிவந்தது 1867இல். கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், காபோலிக் அமிலத்தால் காயங்களை அழுகாமல் காத்த அனுபவத்தை லான்செட் இதழில் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அவரது சிகிச்சையில், வண்டிச் சில்லு ஏறி முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் கால், வெட்டப்படாமலே ஆறு வாரத்தில் பொருந்தியிருந்தது. சீழ் பிடிப்பதும் ஆறுவதன் ஓர் அங்கம் என்று அறுவை மருத்துவர் பலர் நம்பியிருந்த காலம் அது!

இன்று காயம் ஆறும் வேலையின் ஒழுங்கு தெரியும். வெட்டுப்பட்ட சில நிமிடங்களில் குருதிச் சிறுதட்டுகள் ஒட்டிக்கொள்ள, பைபிரின் இழைகள் பின்னிக் காயத்தின் வாயை அடைக்கின்றன. முதல் இரண்டு நாள் வெண்குருதிக் கலங்கள் கிருமியோடு மல்லுக்கட்டும். பின்னால் வரும் பெருவிழுங்கிகள் இறந்த இழையத்தை அகற்றி, அடுத்த கட்டத்துக்கு ஆள் கூப்பிடும். அதன்பின் புதுக் குருதிக்குழாய்கள் முளைத்து, சிவந்த இழையம் பொங்குகிறது. முதலில் இடப்படும் கொலாஜன் மெல்லியது. காற்றில் சரிந்த வேலியை அவசரத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு ஆறுதலாகக் கதியால் நட்டு வரிந்து கட்டுவதுபோல, உடல் அதை மாதக்கணக்கில் வலுவான கொலாஜனாக மாற்றுகிறது. மூன்றாம் வாரத்தில் தழும்பின் வலு, பழைய தோலின் வலுவில் 20 முதல் 30 சதவீதமே. மூன்று மாதத்தில் 80 சதவீதத்தை எட்டலாம். முழு வலு ஒருபோதும் திரும்புவதில்லை.

ஆனால் தையல் வெட்டியதும் "காயம் மாறிவிட்டது" என்று மண்வெட்டியைத் தூக்குகிறார் தோட்டக்காரர். மருத்துவப் பேராசிரியர்களும் சித்த மருத்துவ அறிஞர்களும் தாதியரும் மாணவர்களும் கூடிய இந்த அவை கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

சாப்பாட்டிலும் அதே கதை. "புண்ணுக்கு ஆகாது" என்று மீனையும் முட்டையையும் பழத்தையும் விலக்கும் வீடுகள் இன்னும் உண்டு. கொலாஜன் கட்டப் புரதம் வேண்டும். அதை முறுக்கேற்ற விற்றமின் சி வேண்டும். 1939இல் பொஸ்டன் அறுவை மருத்துவர் ஜோன் கிராண்டன் அந்த விற்றமினை அறவே விட்டு, தம் உடலிலேயே சோதித்தார். மூன்றாம் மாதத்தில் வைத்த வெட்டு ஆறியது. ஆறாம் மாதத்தில் வைத்தது ஆறவில்லை. விற்றமின் கொடுத்த பின்னரே அது ஆறியது. கொய்யாவும் நெல்லியும் காய்க்கும் குடாநாட்டில், நோயாளியின் தட்டிலிருந்து பழத்தை எடுப்பது கொடுமை.

சீனி வருத்தக்காரரின் கால்புண் சாதாரண காயத்தைவிடக் கடியது. குருதியோட்டம் குறைந்து, வெண்குருதிக் கலங்கள் தளர்ந்து, நரம்பு மரத்துப்போன கால் அது. நல்லூர்த் திருவிழா வெயிலில் வெறுங்காலோடு வீதி சுற்றும் அடியாருக்குச் சூட்டுக் கொப்புளம் தெரியாமலே போகலாம். வலியில்லாததால் வைத்தியரிடம் பிந்தி வருகிறார். அதற்குள் விரல் கறுத்துவிடுகிறது. அவரிடம் பக்தியை விடச் சொல்ல வேண்டாம். வெயில் ஏறுமுன் போகவும், வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கவும் சொன்னால் போதும்.

ஆகவே இன்றைய அமர்வுகளிலிருந்து, ஆய்வுக் கட்டுரைகளோடு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பும் வெளிவர வேண்டும். எத்தனை வாரம் பாரம் தூக்கக்கூடாது, என்ன சாப்பிடலாம், எந்த நிறமாற்றம் கண்டால் அன்றே கிளினிக்குக்கு வர வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். அதை எழுதும் குழுவில், தினமும் புண்ணுக்கு மருந்து கட்டும் தாதியர் முதலில் இடம்பெற வேண்டும்.