மெஷின் போட்ட கோதடி



மராட்டியப் பாட்டிமார் பழைய ஒன்பது கஜப் புடவைகளை அடுக்கி, கையால் நூலோட்டிச் செய்யும் விரிப்பு கோதடி. அதை மும்பையின் தாராவியிலும் செம்பூரிலும் நம் தமிழ்ப் பெண்கள் தையல் மெஷினில் போடுகிறார்கள். உள்ளே நைந்த சுங்குடி, மேலே மாட்டுங்கா வீடுகளில் கழித்துக் கட்டிய பட்டு, இடையிடையே தையல்கடை வெட்டுத்துண்டுகள். மெஷினில் அடித்தால் அது கைத்தொழிலா என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. இயந்திரங்களை அவ்வளவு கண்டித்த காந்தியே, 1924இல் ராமச்சந்திரன் என்ற மாணவரோடு பேசும்போது சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து, 1947இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர். காந்தி விட்ட பிறகு நாம் எதற்குப் பிடிவாதம் பிடிக்க வேண்டும்?

மெஷின் கோதடியும் கலைதான். கையால் தைப்பதைவிட அதில் கண்டங்கள் அதிகம், அவ்வளவே.

மெஷினின் சுபாவத்தைக் கொஞ்சம் பாருங்கள். அடியில் இருக்கும் பல் துணியைப் பின்னால் நகர்த்தும். மேலே பாதம் அழுத்திக்கொண்டு சும்மா நிற்கும். சட்டைத் துணி இரண்டு மடிப்புதான், அதற்கு இது போதும். ஐந்தாறு மடிப்புப் புடவை என்றால் அடித்துணி ஓடிவிடும், மேல்துணி பின்தங்கும். ஒரு வரிசையில் கண்ணுக்கே தெரியாது. பத்து வரிசை தாண்டினால் மேலே ஒரு சுருக்கம் எழும்பி நிற்கும். மேலே பட்டு, கீழே பருத்தி என்றால் கேட்கவே வேண்டாம், வழுக்கிக்கொண்டே போகும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் முதலில் கையால் பெரிய பெரிய தையலாக நூலோட்டி மடிப்புகளைப் பிடித்து வைக்கிறார்கள். பிறகு நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி அடிக்கிறார்கள். மிஞ்சிய துணி வெளியே தள்ளப்பட்டு, கடைசியில் கத்தரிக்கோலுக்குப் போய்விடும்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தி இதற்கு நேர்மாறு. அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள். மூலைகளில் மடித்த முக்கோணத் துணி வைத்து அதைப் பூ என்பார்கள். கை ஊசி துணியின் போக்குக்கு வளைந்துகொடுப்பதால் இது அவர்களுக்குச் சாத்தியம். மெஷின்காரர்களுக்கோ ஓரம்தான் கடைசி வேலை. அங்கேதான் மெஷின் காலை வாரும்.

மூலை திரும்பும்போது விரிப்பின் மடிப்பு, ஓரப்பட்டையின் மடிப்பு, பட்டை மடங்கும் மடிப்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துக்கு மேல் சேர்ந்துவிடும். பாதம் மேட்டில் ஏற முடியாமல் சாயும். துணி நகராது, ஊசி நின்ற இடத்திலேயே குத்தும். தைப்பவர் பொறுமையிழந்து துணியை இழுப்பார். ஊசி வளைந்து தட்டில் மோதி, டக்கென்று முறியும். இதற்குத் தெரிந்தவர்கள் செய்வது எளிய வித்தை: மடித்த துண்டுத்துணி ஒன்றைப் பாதத்தின் பின்பக்கம் கொடுத்து மட்டம் செய்துகொள்வார்கள். மிதியை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் உருட்டி, ஒவ்வொரு தையலாகத் தாண்டுவார்கள். 18ஆம் நம்பர் ஊசியும் வேண்டும். ஜரிகை ஊசியை மழுக்கிவிடும் என்பதால் பட்டுக்கரை வரும் இடத்தில் பழைய ஊசி கூடவே கூடாது.

அடியில் நூல் கூடு கட்டினால் எல்லோரும் பாபினைத்தான் நோண்டுகிறார்கள். பெரும்பாலும் பாபின் நிரபராதி. மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராததால், பிடிமானம் இல்லாமல் கீழே போய்க் குவிகிறது. பாதத்தைத் தூக்கிவைத்து மேல்நூலை மறுபடி கோத்தால் தீர்ந்தது.

மும்பை மழை வேறு இருக்கிறது. ஜூலை ஈரத்தில் மிதிமெஷினின் தோல் பெல்ட் தொய்ந்து, கீழ்ச்சக்கரம் மட்டும் சுற்றும். பெல்ட்டில் கொஞ்சம் வெட்டிக் கொக்கியை மறுபடி மாட்ட வேண்டும். துருவுக்குப் பயந்து தேங்காயெண்ணெய் விடும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள், அது நாளடைவில் பிசினாகிவிடும். மெஷின் எண்ணெயே விட்டாலும், முதலில் பழந்துணியில் ஓட்டிவிட்டுக் கோதடிக்கு வாருங்கள். கறை போகாது.

இவ்வளவு தொல்லையும் எதற்கு என்றால், இந்தத் துணிகள் குளிருக்கு மட்டும் பயன்படுபவை அல்ல. 2015இல் தாராவியில் ஸ்நேஹா அமைப்பு நடத்திய பியனாலே கலைவிழாவில், அங்குள்ள பெண்கள் தங்கள் பகுதியின் வரைபடத்தையே ஒட்டுத்துணியில் தைத்து, வீட்டு வன்முறை நடந்த இடங்களை அதில் குறித்திருந்தார்கள். நீதிமன்றத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஊசியால் சொல்லலாம் போலிருக்கிறது.

என் அபிப்பிராயம் இது. கோதடியின் உடல் முழுவதும் மெஷினில் அடிக்கலாம், குறைவே இல்லை. நாலு மூலையையும் ஓரப்பட்டையின் உள்பக்கத்தையும் கையால் முடிப்பதே உத்தமம். நேரம் கூடும், கூலியும் கூடத்தான் வேண்டும். வாங்கப் போகும் நேயர்கள் ஒரு மூலையைப் புரட்டிப் பாருங்கள். கைத்தையல் இருந்தால் பேரம் பேசாமல் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.