தவணை எழுதாத கடன்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

சற்று முன்னர் ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. வரவையும் செலவையும் கேட்டோம். அந்தக் கணக்கில் ஏறாத ஒரு கடனைப் பற்றிச் சொல்லவே நான் எழுந்து நிற்கின்றேன். நோய்த்தொற்றுக் காலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டில் நிறுத்திக்கொள்வதா என்று பெற்றோர் எடுத்த முடிவினால், நம் பிள்ளைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

“கொரோனா முடிந்து போயிற்றே, இன்னும் ஏன் அந்தப் பேச்சு?” என்று சிலர் எண்ணக்கூடும். பெயர்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. 2009 ஆகஸ்டில் பன்றிக் காய்ச்சல் பரவியபோது பூனா நகரில் பள்ளிகள் அடைக்கப்பட்டன. 2023 மார்ச்சில் இன்புளூயன்சா காய்ச்சல் காரணமாகப் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை விடுமுறை விடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் நிபா நோயினால் கோழிக்கோட்டில் பள்ளிகள் மூடப்பட்டன. ஆகவே இக்கேள்வி நாளை மீண்டும் நம் வாசலுக்கு வரலாம். வருமுன் சிந்தித்து வைப்பது அறிவுடைமையாகும்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. அடுத்த மாதத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருந்தனர் என யுனெஸ்கோ நிறுவனம் கணக்கிட்டது. நமது மாநிலத்தில் 2020 நவம்பரில் பெற்றோரிடம் கருத்துக் கேட்டார்கள். பிறகு திறப்பு தள்ளிவைக்கப்பட்டது. 2021 ஜனவரியில் மீண்டும் கருத்துக் கேட்டு, 19.1.2021 அன்று பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளிகளைத் திறந்தார்கள். வகுப்புக்கு 25 பேர், முகக்கவசம், அவற்றோடு பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் என்பது விதி. அரசும் மருத்துவர்களும் பேசி முடித்த பிறகு, கடைசிப் பொறுப்பு அந்தக் கையெழுத்தில் வந்து நின்றது.

அந்த நாட்களில்தான் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய், பத்தாம் வகுப்பில் பயிலும் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். கணவர் வெளிநாட்டில் வேலை செய்கின்றார். கையில் அந்தக் கடிதம். “அஜ்ரத், கையெழுத்துப் போடவா, வேண்டாமா?” என்று கேட்டார்.

நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டில் முதியோர் இருக்கின்றார்களா, பள்ளி எவ்வளவு தூரம், வகுப்பறையில் சன்னல் உண்டா, வீட்டில் இந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர ஆள் உண்டா என்று எதையும் விசாரிக்கவில்லை. “உயிர் இருந்தால் பிறகு படித்துக்கொள்ளலாம் தங்கச்சி, இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளை தன் தாயின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. அதை நான் கண்டேன், கண்டும் பொருட்படுத்தவில்லை.

25.2.2021 அன்று ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவரும் தேர்ச்சி என அறிவிப்பு வந்தது. அந்தப் பிள்ளையும் தேர்ச்சி பெற்றது. செப்டம்பரில் மேல்வகுப்புகள் மீண்டும் திறந்தன, அது போகவில்லை. அடுத்த ஆண்டு நிச்சயதார்த்தத்திற்கு எனக்கு அழைப்பு வந்தது. பாத்திஹா ஓதி முடித்த பின், “பிள்ளை ஏன் தொடர்ந்து படிக்கவில்லை?” என்று கேட்டேன். அந்தத் தாய் கோபமின்றிப் பதில் சொன்னார்: “நிறுத்துங்கள் என்று நீங்கள் சொன்னீர்கள் அஜ்ரத். திரும்பவும் அனுப்புங்கள் என்று சொல்ல யாரும் வரவில்லையே.”

அன்பிற்குரியவர்களே! அந்தச் சொல்லுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

நிறுத்தி வைத்ததே தவறு என்று நான் கூற வரவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை எப்படி அடித்தது என்பதை நாம் மறக்கவில்லை. நாட்டில் ஒரே நாளில் நான்கு லட்சத்திற்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. நம் தெருவிலும் ஜனாஸாக்கள் சென்றன. அஞ்சியவர் மூடரும் அல்லர்; அனுப்பியவர் அலட்சியக்காரரும் அல்லர்.

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டில் ஷாம் தேசத்தில் பரவிய அம்வாஸ் கொள்ளைநோயை எண்ணிப் பாருங்கள். கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஷாமை நோக்கிச் செல்லும் வழியில், ஸர்கு என்னுமிடத்தில் செய்தியைக் கேள்வியுற்றார்கள். உடனே தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்களிடையே கருத்து வேறுபட்டது. அன்ஸார்களை அழைத்தார்கள், அங்கும் வேறுபட்டது. பின்னர் குறைஷிப் பெரியவர்களைக் கேட்டு, திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். தளபதி அபூ உபைதா (ரழி) அவர்களோ தம் படையினருடன் ஷாமிலேயே தங்கி, அந்நோயிலேயே மரணமடைந்தார்கள். திரும்பியவரையும் தங்கியவரையும் சமுதாயம் இன்றளவும் ஒன்றுபோல் மதிக்கிறது. இருவரும் தத்தம் பொறுப்பை நிறுத்துப் பார்த்தே முடிவு செய்தார்கள். கலீஃபா மூன்று சபைகளைக் கேட்டார்கள். நானோ ஒரு தாயை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஆகையால், இனி ஒரு தொற்று வந்து பள்ளிக்கூடம் திறந்திருக்கும் நிலையில் கேள்வி எழுமானால், பெற்றோர் நான்கு விஷயங்களை நிறுத்துப் பார்க்க வேண்டுகின்றேன்.

முதலாவது, வீட்டில் யார் இருக்கின்றார்கள்? கொரோனாவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் கடுமையாகவில்லை. முதியோருக்கும், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உடையோருக்கும் அது கடுமையானது. எந்த நோய் யாரை அதிகம் தாக்குகிறது என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். வாட்ஸ்அப் செய்தியிடம் அல்ல. பாட்டியாரும் பேரனும் ஒரே அறையில் உறங்கும் வீட்டின் முடிவும், தனித்தனி அறையுள்ள வீட்டின் முடிவும் ஒன்றாக இருக்க இயலாது.

இரண்டாவது, பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது? மூடிய அறைக் காற்றில் கொரோனா எளிதாகப் பரவிற்று. சன்னல் திறந்த வகுப்பு வேறு. மூச்சு முட்ட நெருங்கி அமரும் வகுப்பு வேறு. வகுப்பறை விசாலமாக இருந்து, பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் நெரிசலாக இருந்தால் பயனில்லை.

மூன்றாவது, வீட்டில் நிறுத்தினால் பிள்ளை என்ன செய்யும்? இதைத்தான் பலரும் கேட்பதில்லை. 1918-ஆம் ஆண்டு இன்புளூயன்சா பரவியபோது அமெரிக்க நகரங்கள் பலவும் பள்ளிகளை மூடின. நியூயார்க்கும் சிகாகோவும் மூடவில்லை. நெரிசல் மிக்க குடியிருப்பில் அடைந்து கிடப்பதைவிட, மருத்துவரும் செவிலியரும் கவனிக்கும் பள்ளியில் இருப்பதே ஏழைப் பிள்ளைக்கு நலம் என்று நியூயார்க் சுகாதார அதிகாரிகள் கருதினர். நம் ஊரிலும் பள்ளி என்பது பாடம் மட்டுமன்று. பல பிள்ளைகளுக்கு அது மதிய உணவும் ஆகும். கைப்பேசி வாங்க வசதியுள்ள வீட்டில் பாடம் ஓரளவு தொடர்ந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி, அதையும் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார் என்ற வீட்டில் என்ன தொடர்ந்தது? பையன் கடைக்கு வேலைக்குப் போனான். பெண் அடுப்படிக்குப் போனாள்.

இதன் விளைவு ஏட்டிலும் பதிவாகியுள்ளது. கிராமப்புறப் பிள்ளைகளிடம் நடத்தப்படும் ‘அசர்’ ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-ல் நாடெங்கும் நூற்றுக்கு 27 பேர். 2022-ல் 20 பேர் அளவுக்குக் குறைந்தனர். அந்த இழப்பை ஈடுசெய்யவே 2021 அக்டோபரில் நமது அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கித் தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பியது.

நான்காவதுதான் நான் வலியுறுத்த விரும்புவது. நிறுத்துவதென்றால், எந்த நாள் வரை? கடன் கொடுக்கல் வாங்கலில் தவணையைக் குறிப்பிட்டு எழுதிக்கொள்ளுமாறும், சாட்சி வைத்துக்கொள்ளுமாறும் மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குத் தவணை எழுதும் நாம், பிள்ளையின் படிப்பை வாங்கி வைத்துக்கொள்ளும்போது தவணை எழுதுவதில்லை. தவணையில்லாக் கடன் திரும்பி வருவது அரிது.

அதே 2021 ஜனவரியில் நம் மஹல்லாவின் தேநீர்க் கடைக்காரர் ஒருவர், தந்தையார் சிறுநீரக நோயாளி என்பதால் மகனை அனுப்பவில்லை. ஆனால் சுவர் நாட்காட்டியில் மாதத்தின் முதல் தேதியை வட்டமிட்டு, அந்நாளில் ஆசிரியருக்குத் தொலைபேசி செய்து, இன்னும் நிறுத்த வேண்டுமா என்று யோசித்து, மீண்டும் அடுத்த மாதத்தை வட்டமிட்டு வந்தார். செப்டம்பரில் பள்ளி திறந்த முதல் நாள் பையனைத் தாமே கொண்டுபோய் விட்டார். அவரும் நிறுத்தினார், அந்தத் தாயும் நிறுத்தினார். வேறுபாடு அந்த வட்டத்தில் இருக்கிறது.

அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு சொல். காய்ச்சலுள்ள பிள்ளைக்கு மாத்திரை கொடுத்து, சூடு தணிந்ததும் வகுப்புக்கு அனுப்புவது அமானிதத்திற்கு மாறு செய்வதாகும். பக்கத்தில் அமரும் பிள்ளையின் வீட்டிலும் ஒரு பாட்டியார் இருப்பார்.

நிறைவாக, நிர்வாகக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். சந்தாப் பதிவேட்டின் அருகில் இன்னொரு பதிவேடு வையுங்கள். நோய், வறுமை, திருமணம் என எக்காரணத்தாலும் பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் பெயர், நின்ற நாள், மீண்டும் சென்று விசாரிக்க வேண்டிய நாள் ஆகிய மூன்றும் அதில் எழுதப்படட்டும். விசாரிக்கும் பொறுப்பில் முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாயின் வீட்டுக்கு நான் மீண்டும் சென்று வந்தேன். மணமாகிவிட்ட அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத விரும்புகிறது, கணவரும் இசைந்திருக்கின்றார். தேர்வுக் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் நான் ஏற்றுக்கொண்டேன். அது தர்மமன்று. தவணை கடந்த கடனில் ஒரு பகுதி.

நம் பிள்ளைகளின் உயிரையும் அறிவையும் ஒருசேரக் காக்கும் தெளிவை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.