எவ்வளவு கொழுப்பு சரி, எந்தக் கொழுப்பு?

இன்னிக்கு பால் பாக்கெட்டைப் பத்திப் பேசலாம்.

பெசன்ட் நகர் ஆவின் பூத்ல நாம கலரைச் சொல்லித்தான் பால் கேட்போம். நீலம்னா 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. எவ்வளவு கொழுப்புன்னு கலரே சொல்லிடும். எந்தக் கொழுப்புன்னு எந்தக் கலரும் சொல்லாது. பால் கொழுப்புல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அளவா எடுத்துக்கங்கன்னு டாக்டர் சொல்ற வகை அதுதான்.

ஆனா மாடு தின்கிற புல்லுல இருக்கிற கொழுப்பு பெரும்பாலும் நிறைவுறாதது. வயித்தோட முதல் அறையான ருமென்ல இருக்கிற நுண்ணுயிர்கள், அதுல ஹைட்ரஜனைச் சேர்த்து நிறைவுற்றதா மாத்திடுது.

அப்போ தீவனத்தை மாத்தினா? மாறும். வைக்கோலும் தவிடும் குறைஞ்சு பசும்புல் கூடினா, பால்ல ஒமேகா-3 கொஞ்சம் கூடும். ஆளிவிதை கொடுத்தாலும் அப்படித்தான். 1970கள்ல ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. விஞ்ஞானிகள், எண்ணெய்க்குப் புரதத்தால உறை போட்டு மாட்டுக்குக் கொடுத்தாங்க. அது ருமெனைத் தாண்டிப் போய், பால்ல நிறைவுறாத கொழுப்பை நல்லாவே ஏத்துச்சு. ஆனா அந்தப் பால்ல சீக்கிரமே காறல் வாடை வரும்.

புல்லுக்கு நம்மகிட்ட வழி இருக்கு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த கோ-4 கம்பு நேப்பியர் புல்லை ஒருமுறை நட்டா, வருஷக்கணக்கா அறுக்கலாம். ஆனா அதுக்கு நிலம் வேணும், தண்ணி வேணும்.

பெரிய சிக்கல் காசுலதான். சொசைட்டில கொழுப்பு எவ்வளவு, மத்த திடப்பொருள் எவ்வளவுன்னு பார்த்துத்தான் விலை. கொழுப்போட தரத்துக்குத் தனி விலை கிடையாது. அதோட, எண்ணெயை அப்படியே அதிகமாக் கொடுத்தா, நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் அடிவாங்கும், பால்ல கொழுப்பு சதவீதமே இறங்கும். நமக்கு நல்ல பால் கொடுக்க நினைச்ச விவசாயிக்குத்தான் நஷ்டம். பல ஊர்ப் பாலும் ஒண்ணாக் கலக்கறதால, அவர் பட்ட பாடும் தெரியாமப் போயிடும்.

ஒரு கணக்கு போடுவோம். 200 மில்லி பச்சைப் பால்ல 9 கிராம் கொழுப்பு; அதுல நிறைவுற்றது 6 கிராம். தீவனத்தை மாத்தி அதை 5 ஆக்கினோம்னு வெச்சுக்குவோம். நீல பாக்கெட்டுக்கு மாறினா, எந்த மாட்டையும் தொந்தரவு பண்ணாம 4 கிராம்தான்.

அதனால இன்னிக்கு நம்ம உடம்புக்கு நீல பாக்கெட் போதும். நாளைக்கு ‘நல்ல கொழுப்பு’ன்னு ஒரு பாக்கெட் கூடுதல் விலையில வந்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அந்தக் கூடுதல் காசுல மாடு வளர்க்கிறவருக்கு எவ்வளவு போகுது?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.