அப்பாவின் ஏழு கற்களும் யன்னல் வெளிச்சமும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் தம்பி என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "என்ன தலைப்பு அண்ணை?" என்று கேட்டார். "வீட்டிலை வைச்சுக் கல்லைப் படம் பிடிக்கிறது" என்றேன். கொஞ்ச நேரம் ரெலிபோனில் சத்தமில்லை. பிறகு, "கல்லையோ, கல்யாணத்தையோ?" என்று கேட்டார். கல்லைத்தான். கல்யாணம் பிடிக்க இந்த மண்டபத்திலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள்.

என் அப்பா கொழும்பு செட்டியார் தெருவில் நகைக்குக் கல் பதிக்கிற வேலை செய்தவர். சொந்தக் கடையில்லை, கூலிக்குத்தான். 1983 ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது அவர் மடியிலே இருந்தது ஒரு வெற்றிலைப் பை. அதற்குள் ஏழு கற்கள். கோமேதகம் மூன்று, சந்திரகாந்தக்கல் இரண்டு, நீலக்கல் ஒன்று, பூனைக்கண் என்கிற வைடூரியம் ஒன்று. கூலிக்குப் பதிலாகவும் கழிவாகவும் வருசக்கணக்காய்ச் சேர்ந்தவை. விலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. 1989இல் அவர் இங்கே பார்க்டேலுக்கு, ஜேம்சன் வீதியில் நாங்கள் இருந்த அப்பாட்மென்றுக்கு வந்தபோதும் அந்தப் பை வந்தது.

1995இல் அப்பா மோசம் போனார். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். அண்ணர் பரிசில், நான் இங்கே, தங்கச்சி ஸ்காபரோவில். கற்களைப் பங்கு போட வேண்டும். அண்ணருக்கு அப்போது அங்கே காகிதம் கிடைக்கவில்லை, வெளிக்கிட ஏலாது. "படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்லுறன்" என்றார். நானும் 1996 தை மாதம் ஒரு பின்னேரம், வேலையால் வந்து, குசினி மேசையில் லேஞ்சியை விரித்து, ஏழு கல்லையும் அடுக்கி, மேலே ரியூப் லைற், பக்கத்தில் மேசை விளக்கு இரண்டையும் போட்டு, 36 படம் எடுக்கிற பிலிமில் அரைவாசியை முடித்தேன். கழுவி வந்த படங்களில் நல்லது போலத் தெரிந்த நாலைத் தபாலில் அனுப்பினேன்.

மூன்று கிழமையால் ரெலிபோன் வந்தது. "அப்பா எனக்கு அந்தக் கல்லைக் கையிலை வைச்சு, இதுக்குள்ளை நிலா இருக்கு எண்டு காட்டினவர். நீ அனுப்பினது சோடாப் போத்தில் துண்டு. கல்லை என்ன செய்தனி?" என்று கேட்டார்.

நான் மாற்றிவிட்டேன் என்றுதான் அவர் நினைத்தார். படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதிலே பிழையில்லை. கோமேதகம் மூன்றும் பழைய தேத்தண்ணி நிறம். சந்திரகாந்தம் இரண்டும் மஞ்சள் பிடித்த கண்ணாடி. நடுவிலே பெரிய வெள்ளைப் புள்ளி, அது மேசை விளக்கின் குமிழ். நீலக்கல்லிலே ரியூப் லைற் கோடு கோடாய் விழுந்து கிடக்கிறது. உற்றுப் பார்த்தால் அதுக்குள்ளே என்ரை வெள்ளைச் சேட்டும் தெரிகிறது! கல்லைப் படம் எடுக்கவில்லை, கல்லிலே தெரிந்த குசினியைத்தான் எடுத்திருக்கிறேன்.

அண்ணரும் நானும் ஏழு வருசம் கதைக்கவில்லை. 2001இல் அம்மா மோசம் போனபோதுகூட அவர் தங்கச்சியோடை மட்டும்தான் கதைத்தார்.

நான் படிக்கத் தொடங்கியது இந்தக் கோபத்திலேதான். குயின் வீதி நூலகத்தில் படக்கலைப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போவேன். முதலில் விளங்கியது வெளிச்சத்தின் நிறம். எங்கள் கண் எந்த விளக்கின் கீழும் வெள்ளையை வெள்ளை என்றே காட்டிவிடும். கமரா அப்படிச் செய்யாது. அந்த நாளில் நாங்கள் கடையில் வாங்கியது பகல் வெளிச்சத்துக்கென்று செய்த பிலிம். மேசை விளக்கின் கீழ் அது மஞ்சளடிக்கும், ரியூப் லைற்றின் கீழ் பச்சையடிக்கும். இரண்டையும் கலந்தால் எந்தக் கடைக்காரனாலும் திருத்த ஏலாது. இன்றைக்குக் கைத்தொலைபேசி தானாகக் கொஞ்சம் திருத்தும், ஆனால் இரண்டு வித வெளிச்சம் கலந்தால் அதுவும் தடுமாறும். ஆகவே வீட்டு விளக்கெல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வடக்குப் பார்த்த யன்னல் இருந்தால் அதிர்ஷ்டம், நேர் வெயில் விழாது, நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம். இல்லாவிட்டால் முகில் மூடிய நாள் போதும், ரொறன்ரோவில் அதுக்கென்ன குறை! மார்கழியில் மட்டும் பின்னேரம் நாலே முக்காலுக்கு முன்னமே சூரியன் போய்விடும், ஞாயிறு காலையிலேதான் வேலை பார்க்க வேண்டும். ஒரு படத்திலாவது கல்லுக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளைக் கடுதாசித் துண்டை வையுங்கள். அந்தக் கடுதாசி படத்தில் வெள்ளையாக வந்தால் கல்லின் நிறமும் சரி.

இரண்டாவது, மினுக்கிய கல் ஒரு சின்னக் கண்ணாடி. சுற்றிவர இருக்கிறதெல்லாம் அதிலே தெரியும். யன்னலுக்கும் கல்லுக்கும் நடுவே பேக்கிங் செய்கிற மெல்லிய கடுதாசியைத் தொங்கவிட்டால் யன்னல் சட்டம் கல்லிலே விழாது. யோகட் வருகிற வெள்ளை டப்பாவின் அடியை வெட்டி, கூடாரம் போலக் கல்லின் மேலே கவிழ்த்து, அந்த ஓட்டையாலே படம் எடுக்கலாம், இது ஒரு சதமும் செலவில்லாத வேலை. உடுப்பு கறுப்பாக இருக்கட்டும். கமராவை அசையாமல் வைக்க மூன்று கால் ஸ்ராண்ட் இல்லாவிட்டால் ஒரு இறாத்தல் அரிசியைத் துணிப் பையில் கட்டி அதுக்கு மேலே வையுங்கள். கையால் அழுத்தாமல், இரண்டு செக்கனுக்குப் பிறகு தானாக எடுக்கிற மாதிரிப் போட்டுவிடுங்கள். கைத்தொலைபேசியைக் கல்லோடு முட்டக் கொண்டுபோகிறதுதான் எல்லோரும் செய்கிற பிழை. கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டினால் கூர்மையாய் வரும். கறுப்புத் துணியில் வைத்தால் கமரா ஏமாந்து கல்லை வெளிற வைக்கும், வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். பக்கத்திலே ஒரு 25 சதக் குற்றி வைத்தால் அளவு தெரியும். அதன் குறுக்களவு 23.88 மில்லிமீற்றர்.

பழகுவதற்கு அப்பாவின் கல்லை எடுக்கவில்லை, பயம். ஏரிக்கரையில்தான் பழகினேன். ஜேம்சன் வீதிப் பாலத்தாலே நெடுஞ்சாலையைக் கடந்தால் ஒன்ராறியோ ஏரிதானே. சனிசைட் கரையில் பொறுக்கின கல்லில் பாதி சுண்ணாம்புக்கல்லும் களிக்கல்லும். சிவப்பும் கறுப்புமாய்க் கிடக்கிற கருங்கல் வகைகள் பனிக்கட்டி யுகத்தில் வடக்கிலிருந்து பனியாறு இழுத்துக்கொண்டு வந்து போட்டவை. நனைத்தால் மினுக்கினது போல நிறம் காட்டும், காய்ந்தால் சாம்பல்.

அகேற் என்கிற வரிக்கல் இங்கே கிடையாது. அது எனக்கு வந்தது மருமகனாலே. அவர் லொறி ஓட்டுகிறவர். தண்டர் பேக்கு இங்கிருந்து ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர். அந்தப் பக்கம் சுப்பீரியர் ஏரிக்கரையில் இந்தக் கல் கிடைக்கும். நூறு கோடி வருசத்துக்கு முன்னம் எரிமலைக் குழம்பு ஆறினபோது அதிலே காற்றுக் குமிழி இருந்த ஓட்டைகளில், சிலிக்கா கரைந்த தண்ணி ஊறி, படை படையாய்ப் படிந்தது. சிவப்பு நிறம் இரும்பாலே. முதலில் அவர் கொண்டுவந்தது முழு உருளைக்கிழங்கு மாதிரி, வடிவே இல்லை. உருட்டி மினுக்குகிற சின்ன மெசின் ஒன்று வாங்கி, குளியலறையில் நாலு கிழமை இரவும் பகலும் ஓடவிட்டேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "உங்கள் வீட்டில் என்ன அரைபடுகிறது?" என்று கேட்டார்! ஒரு எச்சரிக்கை: அந்த மெசினில் வருகிற சேற்றைத் தொட்டிக்குள் ஊற்றிவிடாதீர்கள், குழாய்க்குள் சீமெந்தாய் இறுகிப்போகும்.

அகேற்றைப் படம் பிடிக்க முன் வெளிச்சம் போதாது. மெல்லிய துண்டாக இருந்தால் கண்ணாடியின் மேல் வைத்து, கீழேயிருந்து ரோர்ச் அடிக்க வேண்டும். அப்போதுதான் வரிகள் ஒவ்வொன்றாய் எழும்பும். சில படை வெளிச்சத்தை விடும், சில விடாது. எங்கள் ஆட்களுக்கு இந்தக் கல் புதிதில்லை. நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணலில் அகழ்ந்தபோது அகேற், கார்னீலியன், பளிங்கு என்று மணி செய்து துளையிட்ட பட்டறைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன, இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தியவை.

இனி அந்தச் சந்திரகாந்தக்கல். மூன்ஸ்ரோன் என்கிறோம். நீல ஒளியுள்ள கல்லுக்கு இலங்கையில் மீட்டியாகொட பேர்போன இடம். யன்னல் வெளிச்சத்திலே, டப்பாக் கூடாரத்திலே, நான் சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காய்ச் செய்து அதை எடுத்தேன். நிறம் சரி. மினுக்கம் சரி. நிலாவைக் காணவில்லை! திரும்பவும் போத்தில் துண்டுதான்.

காரணம் விளங்க ஒரு வருசத்துக்கு மேலே போனது. அந்தக் கல்லுக்குள்ளே இரண்டு வகைப் பெல்ஸ்பார் மெல்லிய தகடுகளாக அடுக்கியிருக்கும். அவற்றுக்கிடையே வெளிச்சம் சிதறித்தான் அந்த நீல ஒளி வருகிறது. எல்லாப் பக்கத்தாலும் மெத்தென்று வெளிச்சம் விழுந்தால் அது கரைந்துவிடும். ஒரேயொரு சின்ன விளக்கு, ஒரேயொரு பக்கத்தாலே வேண்டும். பூனைக்கண்ணும் அப்படித்தான், அந்தக் கோடு ஒற்றை வெளிச்சத்துக்குத்தான் வரும். கோமேதகத்துக்கு எது மருந்தோ அது சந்திரகாந்தத்துக்கு நஞ்சு. அப்பா அண்ணருக்குக் காட்டினபோது எங்கள் வீட்டிலே கரண்ட் இல்லை, ஒரு அரிக்கன் லாம்பு. அந்த லாம்புதான் சரியான விளக்கு.

அறையை இருட்டாக்கி, கல்லைக் கறுப்புத் துணியில் வைத்து, சின்ன ரோர்ச்சை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, விளக்கை அசைக்காமல் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பினேன். ஒரு இடத்திலே வந்தது. அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

படத்தை அண்ணருக்கு அனுப்பவில்லை, ரோசம். 2003இல் தங்கச்சியின் மகளின் கல்யாணத்துக்கு அவர் வந்தார். தங்கச்சிதான் படத்தை அவர் முன்னாலே வைத்தாள். நான் வெற்றிலைப் பையைக் கொண்டுவந்து கல்லையும் ரோர்ச்சையும் வைத்தேன். அவர் கல்லைத் தானே திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "சாப்பிட்டியே?" என்று மட்டும் என்னைக் கேட்டார். எங்கள் வீட்டிலே மன்னிப்பு அப்படித்தான் கேட்கிறது.

கற்கள் இப்போது மூன்று வீட்டில் இருக்கின்றன. ஏழின் படமும் மூன்று வீட்டிலும் இருக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு படம், மெத்தென்ற வெளிச்சத்தில் ஒன்று, ஒற்றை விளக்கில் ஒன்று.

தாய்மாருக்கு ஒரு சொல். அலுமாரிக்குள் இருக்கிற தாலிக்கொடி, தோடு, அட்டியல் எல்லாவற்றையும் இதே மாதிரிப் படம் எடுத்து வையுங்கள். களவு போனாலும், அடகு வைத்தாலும், பிள்ளைகள் பங்கு போட்டாலும் சாட்சி இருக்கும். எடுக்க முன்னம் மெல்லிய சவர்க்காரத் தண்ணியில் கழுவி, மெல்லிய துணியால் துடையுங்கள், கை ரேகை படத்தில் பூதம் போலத் தெரியும். எல்லாக் கல்லையும் ஒரே பையில் போடாதீர்கள். நீலக்கல் சந்திரகாந்தத்தைக் கீறிவிடும். அப்பாவின் இரண்டில் ஒன்றிலே அந்தக் கீறல் இருக்கிறது. அதைப் படத்திலே மறைக்க எனக்குத் தெரியும், மறைக்கவில்லை.

பழக விரும்புகிற பிள்ளைகள் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு கல்லும், ஒரு யோகட் டப்பாவும், கறுப்புச் சேட்டும் கொண்டு சங்க அறைக்கு வாங்கோ. யன்னல் வடக்குப் பக்கம், நான் பார்த்துவிட்டேன்.