வீட்டுக்கு வந்த நாய்க்குட்டி



பதுளையிலிருந்து பசறை நோக்கிச் செல்லும் மலைப்பாதையை உங்களுட் பலர் அறிவீர்கள். வளைவுக்கு வளைவு தேயிலை. தேயிலைக்கு நடுவே லயங்கள். லயத்து இஸ்தோப்பிலே சுருண்டு படுத்திருக்கும் ஒரு நாய். இந்தக் காட்சி இல்லாத தோட்டத்தை ஊவா மாகாணத்திலே காண்பது அரிது. அந்த நாய் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். "நம்ம லயத்து நாய்தாங்க" என்று விடை வரும். எல்லோருக்கும் உரிய நாய் என்பது அதன் பொருள். எல்லோரும் அதற்கு ஒரு பிடி சோறு போடுவார்கள். ஆனால், அதற்கு நோய் வந்தாலோ, அது ஒருவரைக் கடித்தாலோ, அது யாருடைய நாயும் அன்று!

ஒருமுறை, ஒரு தோட்டத்திலே நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி போடும் நாளன்று நான் அங்கே இருக்க நேர்ந்தது. சுகாதாரப் பகுதியினர் வாகனத்தில் வந்து இறங்கினர். ஊசிக்குக் காசு இல்லை. நாய்களோ இருபதுக்குக் குறையாமல் இருந்தன. வாகனத்தைக் கண்டதும் அவை தேயிலைச் செடிகளுக்குள்ளே புகுந்துவிட்டன. ஆளுக்கொரு பக்கமாக ஓடினர், அழைத்தனர், ரொட்டித் துண்டைக் காட்டினர். ஒன்றும் நடக்கவில்லை. அவ்வேளையிலே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அது அவள் கையிலே சும்மா இருந்தது. ஊசி ஏறியதும் ஒரு முறை சிணுங்கியது, அவ்வளவே. மற்ற நாய்களுட் பெரும்பாலானவை அன்று ஊசியின்றியே தப்பின. தப்பின என்றா சொல்வது? பாதுகாப்பைத் தவறவிட்டன என்பதே சரி.

அன்று எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. மருந்து இருந்தால் மட்டும் போதாது. நாயைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் கையை நாய் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை குட்டிப் பருவத்திலேதான் வேரூன்றும். நாய்க்குட்டி வளர்ப்பைப் பற்றி நான் இன்று சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு கருத்தையே சுற்றி வரும்.

முதலில், குட்டி வீட்டுக்கு வரும் வகையைப் பார்ப்போம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் பாதையோரத்திலே கிடந்த குட்டியைச் சட்டைக்குள்ளே வைத்துக்கொண்டு வருவான். அல்லது அடுத்த லயத்திலே குட்டி போட்டிருக்கிறது என்று கேட்டு வாங்கி வருவான். கேட்டு வாங்குவதாயின், அவசரம் வேண்டா. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் எட்டு வாரமாவது இருந்த குட்டியே நல்ல குட்டி. தன் பல் எவ்வளவு அழுத்தினால் பிறருக்கு நோகும் என்பதைக் குட்டி கற்பது அந்த விளையாட்டிலேதான். கண் திறந்ததும் பிரித்துக்கொண்டு வந்தால், அந்தப் பாடம் முழுவதையும் நம் கை விரல்களே கற்பிக்க வேண்டியிருக்கும்.

வந்த குட்டிக்கு முதல் எதிரி குளிர். பதுளை நகரம் ஏறத்தாழ 2,200 அடி உயரத்திலே இருக்கிறது. அப்புத்தளையோ 4,700 அடி உயரத்தது. ஐப்பசி, கார்த்திகையிலே வடகீழ்ப் பருவமழை ஊவாவை நனைக்கும்போது, லயத்துச் சீமெந்துத் தரை பனிக்கட்டி போலக் குளிரும். சிறு குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் குறைவு. ஆகவே, ஒரு பழைய மரப்பெட்டியிலோ அட்டைப் பெட்டியிலோ உலர்ந்த சாக்கை மடித்துப் போடுங்கள்; மலைக்குக் கட்டிச் செல்லும் பழைய படங்கு இருந்தாலும் போதும். ஆனால், மருந்து தெளிக்கும் வேலைக்குப் பயன்பட்ட துணியும் சாக்கும் கூடவே கூடா. பெட்டியை நீங்கள் படுக்கும் இடத்துக்கு அருகிலே வையுங்கள். முதல் இரவுகளிலே குட்டி அழும். அது பிடிவாதமன்று, தாயைத் தேடும் அழுகை. கையை நீட்டித் தடவிக் கொடுத்தால் அடங்கிவிடும்.

இனி உணவு. இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை, சிறிது சிறிதாக. மூன்று மாதத்துக்குப் பின் மூன்று வேளை. ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளை போதும். குழைய வேகவைத்த சோற்றோடு, உப்பும் மிளகாயும் சேராமல் அவித்த மீனோ, முட்டையோ, கோழி இறைச்சியோ, பருப்போ சேர்த்துப் பிசைந்து கொடுக்கலாம். வெறுஞ் சோற்றையும் ரொட்டியையும் மட்டுமே தின்று வளரும் குட்டியின் வயிறு பெருக்கும், எலும்பு பெருக்காது. பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தைக் கொடுக்கும். கருவாட்டில் உப்பு மிகுதி. சமைத்த கோழி எலும்பு, கடித்தால் ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். வெங்காயம் நாயின் இரத்தத்துக்குக் கேடு.

இன்னொன்றை ஊவாவிலே சிறப்பாகச் சொல்ல வேண்டும். நாம் குடிக்கும் தேத்தண்ணீரிலே குட்டிக்கும் ஒரு மடக்கு ஊற்றிப் பார்ப்பது சிலருக்கு வேடிக்கை. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கபீன் என்னும் பொருள் நமக்குச் சுறுசுறுப்பு, நாய்க்கு நஞ்சு. சிறிய உடலுக்குச் சிறிய அளவே பெரிதாகும். பாத்திரத்து அடியில் மிஞ்சும் தேயிலைச் சக்கையையும் குட்டி மேயும் இடத்திலே கொட்டாதீர்கள். நம்மை வாழவைக்கும் இலை அதனை வருத்த வேண்டா.

மூன்றாவது, புழு. குட்டிகள் பெரும்பாலும் புழுவோடுதான் பிறக்கின்றன என்று சொன்னால் நீங்கள் வியப்படையலாம். தாயின் வயிற்றிலேயே சில புழுக்கள் குட்டியை அடைகின்றன. வேறு சில தாய்ப்பால் வழியே வருகின்றன. உப்பிய வயிறும் மங்கிய மயிரும் அதன் அடையாளங்கள். கால்நடை வைத்தியர் தரும் மருந்தைக் குட்டியின் நிறைக்கு ஏற்பக் கொடுத்தல் அவசியம். இதிலே நமக்கும் பங்குண்டு. நாயின் வயிற்றுப் புழுக்களின் முட்டைகள் மண்ணிலே கிடந்து, அந்த மண்ணை அளையும் பிள்ளைகளின் வாய்க்குள்ளும் போகும். வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைக்கும் புழுவும் உண்டு. ஆகவே, குட்டியின் கழிவை அள்ளிப் புதைப்பதும், அதனைத் தொட்டபின் கை கழுவுவதும் பிள்ளைகளுக்குப் பழக்கமாக வேண்டும்.

வயிற்றோட்டமும் வாந்தியும் இரத்தமுமாகக் குட்டிகள் சாவதைக் கண்டிருப்பீர்கள். அதற்குப் பெரும்பாலும் பார்வோ என்னும் வைரசு நோயே காரணம். 1978 ஆம் ஆண்டளவிலே இனங்காணப்பட்ட இந்த நோய் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆறு அல்லது எட்டு வாரத்திலே தொடங்கி, சில வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் போட வேண்டும்.

இனி, நான் முதலிலே சொன்ன நம்பிக்கைக்கு வருகிறேன். அமெரிக்காவிலே ஸ்கொட், புல்லர் என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து, 1965 ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டி உலகோடு உறவு கொள்ளும் காலம் என்று அவர்கள் கண்டார்கள். அக்காலத்திலே மனிதரின் கையை அறியாத குட்டி, பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சும். அஞ்சும் நாய் ஓடும்; ஓட முடியாதபோது கடிக்கும். தேயிலைக்குள்ளே மறைந்த அந்த நாய்களின் கதை இதுதான்.

ஆகவே, நாள்தோறும் ஐந்து நிமிடம் குட்டியை மடியிலே வைத்துக்கொள்ளுங்கள். காதைத் தொட்டுப் பாருங்கள், பாதத்தைப் பிடியுங்கள், உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள். சும்மா இருந்தால் ஒரு சிறு துண்டு முட்டை கொடுங்கள். திமிறினால் அடிக்காதீர்கள், சிறிது பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். பக்கத்துக் காம்பராவில் உள்ள பெரியவரும், தலையிலே கூடை மாட்டிய அக்காவும், சப்பாத்துப் போட்ட அண்ணனும் அதனை மெல்லத் தடவட்டும். கழுத்துக்கு மென்மையான பட்டி ஒன்று போடுங்கள். இரண்டு விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும். குட்டி வளர வளரப் பட்டியைத் தளர்த்த மறவாதீர்கள். மறந்தால் கழுத்து அறுபடும். கயிற்றோடு சிறிது தூரம் நடத்திப் பழக்குங்கள். நாள் முழுதும் கட்டிப்போடுவது பழக்குவதன்று. அது குட்டியைச் சினங்கொள்ளச் செய்வது.

வீட்டுக்குள்ளே அசுத்தம் செய்தால் மூக்கைத் தேய்ப்பது பழைய வழக்கம். அதனால் குட்டி கற்பது ஒன்றே: நம் கை துன்பம் தரும் என்பது. தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோய் விடுங்கள். உரிய இடத்திலே கழித்ததும் மெச்சுங்கள். சில வாரங்களிலே தானாகவே வாசலைத் தேடும்.

இவ்வளவு பாடுபடுவது எதற்காக என்று கேட்கலாம். விசர்நோய்தான் அதற்கு விடை. 1885 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் நாள், விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைத் தாய் பாரிசு நகருக்கு அழைத்து வந்தாள். லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தை அவனுக்குச் செலுத்துவித்தார், சிறுவன் பிழைத்தான். அன்று தொடங்கி மனிதர் கையிலே ஆயுதம் இருக்கிறது. ஆனால் நோயின் குறிகள் தோன்றிய பின்னர் மருந்து ஏறக்குறையப் பயனற்றது. குறி தோன்றுமுன் காப்பதே காப்பு. நம் நாட்டிலே 1973 ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் மாண்டார்கள். 1975 ஆம் ஆண்டிலே நோய்க்கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. நாய்களுக்கு ஊசி போடப் போட, அத்தொகை குறைந்து, அண்மை ஆண்டுகளில் இருபது முப்பது என்ற அளவுக்கு வந்துள்ளது. அந்த இருபது முப்பதும் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகளே.

"குட்டிதானே, அதற்கேன் ஊசி?" என்று கேட்பவர்கள் உண்டு. குட்டிக்கும் விசர் வரும். அதன் நகக்கீறலும் ஆபத்தானதே. மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கும் இந்த ஊசியைப் போட வேண்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பின்னர் வைத்தியர் சொல்லும் நாளிலே மறுபடியும், அதன்பின் ஆண்டுதோறும். ஊசி அட்டையைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், முதல் வேலை பதினைந்து நிமிடம் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிலே புண்ணைக் கழுவுதல். பீலித் தண்ணீர் போதும். மஞ்சளோ, கோப்பித்தூளோ, சுண்ணாம்போ அப்ப வேண்டா. அடுத்த வேலை அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல். அங்கே ஊசிக்குக் கட்டணம் இல்லை. கடித்த நாயை உடனே அடித்துக் கொல்லாமல், முடியுமாயின் கட்டிவைத்து, வைத்தியர் சொல்லும் நாள்வரை கவனியுங்கள். அது நோயுற்றதா அன்றா என்பதை அதுவே காட்டிவிடும். "அடிப்பார்கள்" என்று பயந்து பிள்ளைகள் கடியை மறைப்பதுண்டு. கடியை மறைக்காத பிள்ளையாக வளர்ப்பது, நாயை வளர்ப்பதிலும் பெரிது.

இறுதியாக ஒன்று. ஒரு பேரனும் பாட்டியும் பேசிக்கொண்டதைக் கேட்டேன். "அப்பாயி, இதை வச்சுக்குவோம்" என்றான் பையன். "வேணாம் ராசா, பொட்டக்குட்டி நமக்கு ஆகாது, கடுவன் இருந்தா எடுத்துக்கிட்டு வா" என்றாள் கிழவி. அந்தச் சொல்லிலே பல காலத்துப் பழக்கம் இருக்கிறது. பெண்குட்டிகளைச் சாக்கிலே போட்டுப் பாதை வளைவிலும், கடைவீதி ஓரத்திலும், கோயில் வாசலிலும் விட்டுவிடுகிறோம். மடிவது போக மிஞ்சுபவை ஓர் ஆண்டு கழியுமுன் தாமே தாயாகின்றன. கருவுற்ற அறுபத்து மூன்று நாளளவில் ஐந்தோ ஆறோ குட்டிகள். மனிதர் கையை அறியாத அந்தக் குட்டிகளே, நாளை ஊசிக்காரரைக் கண்டு ஓடும் நாய்கள். நாம் எறிந்த சாக்கு, நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் பாதைக்கே திரும்பி வருகிறது. பெண்நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை இன்று கடினமானதன்று. உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரிடமோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டு அறியலாம். பெண்குட்டியை வளர்ப்பதற்கு இருந்த ஒரே தடை அதனோடு நீங்குகிறது.

தருமர் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புக மறுத்தார் என்று பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சொர்க்க வாசல் வரையில் நாம் போக வேண்டுவதில்லை. ஊசி வண்டி வரும் நாளிலே, நம் குட்டியைக் கையிலே ஏந்தி லயத்து வாசல் வரையில் வந்தாற் போதும். "நம்ம லயத்து நாய்" என்பதை "என் நாய்" என்று ஒருவர் சொல்லத் துணிந்தால், அந்த லயத்துப் பிள்ளைகளெல்லாம் அச்சமின்றி விளையாடலாம்.